களவாணிக் கணக்கு

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மகன் பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்தபோது கொடுத்த டைரி ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை, இன்றைக்கு எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதச் சொல்லி நச்சரித்தவள் எங்கள் தலைமையாசிரியை மரிய புஷ்பம். "நீங்க கணக்குச் சொல்லிக் குடுக்கிற முறைய எழுதி வைங்கக்கா. நாளைக்கு ரிட்டயர் ஆயிப் போயிட்டா நாங்க யாருகிட்ட போய்க் கேக்க?" என்றாள். பதவியில் எனக்கு மேலே, வயதில் மூன்று வருஷம் கீழே. அதனால் அவளுக்கு நான் வடிவக்கா, ஊருக்கெல்லாம் வடிவு டீச்சர். சண்முகவடிவு என்கிற முழுப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு இந்த வருஷமும் எனக்குத்தான். பதினேழு பேர். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே எனக்கு எண்ணிக்கை வந்துவிடும், விரல் நீட்டி எண்ணுகிற பழக்கம் கிடையாது. இன்றைக்குப் பதினெட்டு என்று சொல்லிவிட்டேன். சுடலைமணி என்று ஒரு வாலு, எழுந்து நின்று, "டீச்சர், எண்ணிக்கிடுங்க, பதினேழுதான்," என்கிறான். லீவில் கண்ணுக்குத் துருப்பிடித்திருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

முறையை எழுதச் சொன்னாளே, எழுதுகிறேன்.

பெரிய முறை ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் போவதற்குக் காரணம் மண்டை இல்லை, பயம். தப்பாகிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்கிற பயம். அதைத் தெளிய வைக்க ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பலகையில் ஐந்து கணக்கை விடையோடு எழுதுவேன். நாலு சரியாக இருக்கும், ஒன்று வேண்டுமென்றே தப்பாக இருக்கும். அதற்குப் பெயர் களவாணிக் கணக்கு. எது களவாணி என்று கண்டுபிடித்து, ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிடித்த பிள்ளைதான் அன்றைக்கு இன்டர்வல் மணி அடிக்கும்.

நான் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டேன். "விளையாட்டு இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன், நான் போட்டது சரி," என்று சாதிப்பேன். பிள்ளைகள் என்னோடு மல்லுக்கு நிற்கும். டீச்சரையே தப்பு என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அதன் பிறகு எந்தக் கணக்கைக் கண்டும் கை நடுங்காது. இருபது வருஷமாக இந்தக் கூத்துதான் நடக்கிறது.

மூலையில் இசக்கிப்பிரியா என்று ஒரு பிள்ளை. விடையை எழுதுகிறாள், நான் பக்கத்தில் போனதும் ரப்பரை எடுத்து அழித்துவிடுகிறாள். அழித்த தடத்தை உற்றுப் பார்த்தேன், சரியான விடைதான். "எதுக்குட்டி அழிச்ச?" என்று கேட்டால் ரப்பர் தூளை விரலால் தள்ளுகிறாள். இந்த வருஷத்துக்கு என் வேலை இவள்தான்.

ஜூன் 11, புதன்

கூடத்துக் கடிகாரம் சரியில்லை. பேட்டரி மாற்றச் சொன்னேன். சரியாகத்தான் ஓடுகிறது என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் ஓடும்.

ஜூன் 19, வியாழன்

புளியங்கொட்டையை ஒரு கை அள்ளி மேஜையில் போட்டு, எண்ணாமல் எத்தனை இருக்கும் என்று கேட்டேன். ஒன்று இரண்டு சொல்லத் தெரிவது வேறு, எண்ணிக்கையை உணர்வது வேறு. உலைக்கு அரிசி அள்ளுகிற கைக்கு அளவு தெரிகிற மாதிரி பிள்ளைக்கு எண் பழக வேண்டும். ஒருத்தி பத்து என்றாள். ஒருத்தன் ஆயிரம் என்றான். சுடலைமணி ஒரு கோடி என்று சொல்லிவிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டான். இசக்கி வாயைத் திறக்கவில்லை.

இன்டர்வலில் எல்லாரும் ஓடிய பிறகு என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். "ஒரு கட்டுக்கு மேல ரெண்டு மூணு கூட இருக்கும் டீச்சர்," என்றாள், மேஜையிடம் சொல்வது போல. எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. அவள் அம்மா கோமதி சுற்றிப் போட, இவள் உட்கார்ந்து கட்டுவாள் போல. எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு. "நாலு கட்டு எவ்வளவுட்டி?" என்றேன். "நூறு." "ஏழு?" கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "நூத்தி எழுவத்தஞ்சு," என்றாள். சொன்னதும் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று வாசலைப் பார்த்தாள். அள்ளிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் கோமதி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். "இவ மண்டையில ஒண்ணும் ஏறாது டீச்சர். நீங்க பாத்து ஒப்பேத்தி விட்டாப் போதும்," என்கிறாள், பிள்ளையின் காதுபட. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்குப் பலகையில் இரண்டு களவாணி. ஒன்றுதான் வைத்ததாக நினைவு. பிள்ளைகள் இரண்டைப் பிடித்துவிட்டன. "ரெண்டு பேரா சேந்து வந்திருக்கானுவ டீச்சர்," என்று சுடலைமணி குதிக்கிறான். நானும் சிரித்து, "முழிச்சிருக்கியளான்னு பாத்தேன்," என்று சமாளித்தேன். யானைக்கும் அடி சறுக்கும். கண்ணாடி பவரை மாற்ற வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று காலையில் சமையல்கார அம்மாளுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்றைக்கு அறுபத்தொன்றுக்குப் பதில் பதினாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ஊர்ல ஏதோ கோயில் கொடை போல, பிள்ளைக வரலன்னு நெனச்சேன் டீச்சர்," என்கிறாள் அந்த அம்மாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மறுபடி உலை வைத்துச் சோறு வடித்து வருவதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு குஞ்சு தட்டிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மரிய புஷ்பம் கோபப்படவில்லை. நாளையிலிருந்து எண்ணிக்கையைத் தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். "ஒங்களுக்குத்தான் ஏகப்பட்ட வேலையாச்சேக்கா," என்று காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். நல்லவள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைய பக்கத்தைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். இசக்கி கை தூக்கினாள்.

தூக்கினாள் என்றால் காது வரைக்கும்தான். "டீச்சர், மூணாவது கணக்கு..." என்றாள். நாற்பத்தெட்டும் இருபத்தேழும் அறுபத்தைந்து என்று பலகையில் இருந்தது.

"மூணாவதுக்கு என்னட்டி?"

"களவாணி."

"கெடையாது. நெசமாத்தான் சொல்லுதேன், சரியாப் போட்டிருக்கேன்."

"நாப்பத்தெட்ட அம்பதாக்கிட்டு இருவத்தேழுல ரெண்டக் கொறச்சா ஒரு கட்டு டீச்சர். அம்பதும் ஒரு கட்டும் எழுவத்தஞ்சுதான்."

மூன்று தடவை மறுத்தேன். மூன்று தடவையும் அசையவில்லை. காது மடல் சிவந்துவிட்டது, குரல் தேய்ந்துவிட்டது, ஆனால் எழுபத்தைந்தை விட்டு இறங்கவில்லை. கடைசியில் நான் தோற்றேன். மணியை அவள் அடித்த அடியில் மரிய புஷ்பம் என்னமோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இப்படியொரு சந்தோஷம் நாலைந்து தரம்தான் வாய்த்திருக்கும்.

ஒரே ஒரு விஷயம். நான் வைத்த களவாணி ஐந்தாவது கணக்கு. மூன்றாவதைச் சரி என்று நினைத்துத்தான் எழுதினேன். ஐந்தாவதை மதியம் யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது, வேண்டியது அதுதானே.

ஜூலை 51, செவ்வாய்

கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, சர்க்கரைப் பொங்கல். இசக்கி மேடையேறி வாய்ப்பாடு ஒப்பித்தாள். வரும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் பஸ் நம்பரை ஓடுகிற விளக்கில் போட்டுத் தொலைக்கிறார்கள், மனுஷர் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனார்.

ஜூலை 24, வியாழன்

பலகையில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தினம் ஒரு பிள்ளை ஐந்து கணக்குப் போட வேண்டும், அதில் ஒரு களவாணி வைக்க வேண்டும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். மரிய புஷ்பம் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் ஒங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா புதுசு புதுசாத் தோணுது?" என்றாள். சிரித்துக்கொண்டேன். பிள்ளைகள் பிடித்து முடித்த பிறகு நானும் தலையை ஆட்டுகிறேன், அவ்வளவுதான் என் வேலை.

காலையில் வீட்டுக்காரர், "வடிவு, ஒரு எட்டு திருநெல்வேலி போயி டாக்டரப் பாத்துட்டு வருவமா?" என்றார்.

"யாருக்கு என்ன?"

"எனக்குத்தான் சுகர் பாக்கணும். நீயும் சும்மா வாயேன்."

நாற்பது வருஷத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் போகாத மனுஷர். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை, தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். நேற்றுதான் மழை பெய்திருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எரிச்சலான நாள். மாதத் தேர்வு. எழுத்துக்கு முன்னால் வாய்க்கணக்கு வைத்தேன். எழுபத்தைந்தும் ஐம்பதும் எவ்வளவு என்று கேட்டேன். இசக்கி இப்போதெல்லாம் முதல் ஆளாகக் கை தூக்குகிறாள்.

"நூத்தி இருவத்தஞ்சு."

"யோசிச்சுச் சொல்லு."

"நூத்தி இருவத்தஞ்சு டீச்சர்."

"தப்பு. நூத்திப் பதினஞ்சு."

பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். "களவாணி டீச்சர். மூணு கட்டும் ரெண்டு கட்டும் அஞ்சு கட்டு..." என்று ஆரம்பித்தாள். பரீட்சை நேரத்தில் என்ன விளையாட்டு. ஸ்கேலால் மேஜையில் ஓங்கி அடித்தேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இவ்வளவு சொல்லிக் குடுத்தும் இதுகூட ஒன் மண்டையில ஏறலயா?" என்று கேட்டுவிட்டு, அவள் நோட்டில் எழுதியிருந்த விடைக்கு மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அவள் ரப்பரை எடுத்துத் தாள் கிழிகிற வரை தேய்த்தாள். சுடலைமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுகிறார்கள். எழுபத்தைந்தும் ஐம்பதும் நூற்றுப் பதினைந்து. இதுகூடத் தெரியாமல் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இசக்கி நேற்றும் இன்றும் கை தூக்கவில்லை. கோபம் போல. இருக்கட்டும், கோபப்பட்டால்தான் கவனம் வரும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் என் வகுப்பில் இசக்கியைக் காணவில்லை. மரிய புஷ்பம் வந்து, "அக்கா, அவ ரெண்டாங் கிளாஸ்ல போயி ஒக்காந்திருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்கா," என்றாள். போய்ப் பார்த்தேன். தன்னைவிடக் குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னைய ரெண்டாங் கிளாஸ்லயே போட்டுருங்க டீச்சர். எனக்கு மூணாங் கிளாஸ் கணக்கு வரல," என்றாள். அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி முடிவெடுத்துச் சொல்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சாயங்காலம் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு சின்னக் கணக்குக்குப் போய் இவ்வளவு ரோஷமா என்றேன்.

"என்ன கணக்கு?" என்றார்.

"எழுவத்தஞ்சும் அம்பதும். நூத்தி இருவத்தஞ்சுன்னு ஒத்தக் கால்ல நிக்கா."

தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது. "வடிவு, அது நூத்தி இருவத்தஞ்சுதானே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களும் களவாணி வெளையாட வந்துட்டியளாக்கும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் விடவில்லை. புளியங்கொட்டைப் பையைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினேன். எழுபத்தைந்து எண்ணி வைத்தேன், ஐம்பது எண்ணி வைத்தேன், சேர்த்து எண்ணினேன். ஒரு தரம் தொண்ணூற்றைந்து வந்தது. ஒரு தரம் நூற்று நாற்பது வந்தது. பாதியில் எந்தக் கொட்டையை எண்ணினேன், எதை எண்ணவில்லை என்று தெரியாமல் போயிற்று. அவர் கீழே உட்கார்ந்து பத்துப் பத்தாகக் குவித்தார். "இது பத்து குவியல், நூறு. இது ரெண்டு. இது அஞ்சு," என்று காட்டினார். எனக்கு அது குவியலாகத்தான் தெரிந்தது. அதிலிருந்து எண் எழுந்து வரவே இல்லை. ஆனால் அவர் பொய் சொல்கிற மனுஷர் இல்லை.

அப்படியென்றால் அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே பார்க்க அவளை நான் முட்டாளாக்கியிருக்கிறேன். என் வேலை இவள்தான் என்று எழுதினேனே, நன்றாகத்தான் பார்த்திருக்கிறேன் என் வேலையை. கொட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றைய தேதியை அவர் போட்டுக் கொடுத்தார். ஜூலை மாதத்தில் ஐம்பத்தொன்று என்று ஒரு தேதி போட்டு வைத்திருக்கிறேனாம். அவர் சொல்லித்தான் தெரியும். இனிமேல் மேலே தேதி அவர் கையெழுத்து, கீழே நான்.

திருநெல்வேலி போய் வந்தோம். சின்னப் பெண்தான் டாக்டர். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் என்னிடம் பேசினாள், "அவசரமில்லம்மா, மெதுவா" என்று. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். எல்லாருக்கும் ஞாபகம் முதலில் போகும், எனக்கு எண் முதலில் போகிறதாம். பிறகு எழுத்து போகும், பார்க்கிற பொருள் என்னவென்று பிடிபடாது. மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும், நிற்காது. பாடம் எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எழுத்து போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எதை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மரிய புஷ்பத்துக்கு அவர் போன் செய்தார். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். மருத்துவ விடுப்பு, அப்புறம் விருப்ப ஓய்வு. காரணத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தார்கள். "கணக்கு டீச்சருக்குக் கணக்கு வரலன்னு ஊரு பேசக்கூடாதுக்கா. ஒங்க பேரு பேராவே இருக்கட்டும்," என்று என்னிடமும் சொன்னாள். நானும் சரி என்றேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பாரம் எங்கேயும் இறங்கவில்லை. நான் நல்ல பேரோடு வீட்டில் இருப்பேன், அவள் இரண்டாம் வகுப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தனக்கு மண்டையில் ஏறாது என்று அம்மா சொன்னதை டீச்சரும் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை யாரை நம்பும்?

ஒரே ஒரு தரம் வகுப்புக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் வடிவு. பிள்ளைய இங்க வரச் சொல்லுதேன். கூப்பிட்டு வெச்சு, ஒன் மேல தப்பில்ல தாயின்னு காதோட சொல்லிரு," என்றார் அவர்.

"எல்லாரும் பாக்கத்தான் திட்டுனேன். காதுல சொன்னா அவளுக்கு மட்டுந்தான கேக்கும்?"

அவர் சாவியை எடுத்தார். வெளியே போய் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

போனோம். அவர் கேட்டில் நின்றுகொண்டார். மரிய புஷ்பம், "பிள்ளைக வாயில விழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிரும், யோசிச்சுக்கோங்கக்கா," என்றாள். தெரியட்டும் என்றேன். அதற்கு மேல் தடுக்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போய் இசக்கியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவள் உள்ளே வந்து உட்காரவில்லை, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "பிள்ளைகளா, அன்னைக்கு இசக்கி சொன்னதுதான் சரி. எழுவத்தஞ்சும் அம்பதும் நூத்தி இருவத்தஞ்சு. நான் சொன்னதுதான் தப்பு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "களவாணி, களவாணி" என்று பிள்ளைகள் மேஜையைத் தட்டின. "ஏயப்பா, இத்தன நாளாவா களவாணிய ஒளிச்சு வெச்சிருந்திய?" என்று சுடலைமணி எழுந்து கேட்கிறான். இசக்கியைப் பார்த்தேன். தலை இன்னும் கீழே போய்விட்டது. டீச்சர் விளையாட்டுக்காகவா தன்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்தாள் என்று நினைத்திருப்பாள்.

"விளையாட்டு இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்," என்றேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. இருபது வருஷமாக விளையாட்டில் நான் சொல்லிவந்த வசனம் அல்லவா அது. உண்மையைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லாமல் போயிற்று. எனக்கு உடம்பு சரியில்லை, கணக்கு மறந்துகொண்டு வருகிறது என்று சொன்னேன். அதற்கும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வேறு வழி தெரியவில்லை. சாக்பீஸை எடுத்து இசக்கியிடம் நீட்டினேன். "ஒரு கணக்குப் போடு. நான் விடை சொல்லுதேன்."

வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எழுதி, வாய்விட்டு வாசித்தாள்: "அஞ்சும் நாலும்." இருப்பதிலேயே சின்னதாகத் தேடி எடுத்திருக்கிறாள்.

ஒரு கையை விரித்தேன். மறு கையில் விரல்களை மடக்கி நிறுத்தினேன். முதல் கையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது கைக்குப் போவதற்குள் எங்கே விட்டேன் என்று மறந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடி மறந்தது. மேலுதட்டில் வியர்த்தது. எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் என் முன்னால் இப்படி வியர்த்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தெரியாது. இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எட்டு," என்றேன்.

சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சுடலைமணிதான் முதலில் எழுந்தான். முகமே மாறிவிட்டது அவனுக்கு. "சரி டீச்சர்," என்றான். அவனைப் பார்த்து இன்னொருத்தி, "கரெக்ட் டீச்சர்," என்றாள். பிறகு எல்லாருமே சொன்னார்கள், "சரிதான் டீச்சர், கரெக்ட்தான் டீச்சர்" என்று. சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் கை தட்ட நான் பழக்கியிருந்தேன், அதே மாதிரி தட்டினார்கள். மரிய புஷ்பம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கை தட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரியாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நம்பினேன்.

"இல்ல டீச்சர்," என்றாள் இசக்கி. "தப்பு."

கை தட்டல் நின்றது. "ஏட்டி, பேசாம இரேன்," என்று சுடலைமணி பல்லைக் கடித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள். "தப்பு டீச்சர். ஒம்பது."

"நல்லாத் தெரியுமாட்டி ஒனக்கு?"

"தெரியும்."

"எழுவத்தஞ்சும் அம்பதும்?"

"நூத்தி இருவத்தஞ்சு."

"நான் அன்னைக்கு நூத்திப் பதினஞ்சுன்னு சொன்னேனே."

"நீங்க தப்பாச் சொன்னிய," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "ஒங்களுக்குச் சரியாயிருமா டீச்சர்?"

"ஆகாதுட்டி," என்றேன். அந்த வகுப்பில் இனி ஒரு தப்பான விடை நான் சொல்லக்கூடாது.

அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் அழுது முடிக்கிற வரை தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு அவளாகவே போய் மூன்றாம் வகுப்பில் தன் இடத்தில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மரிய புஷ்பம் கேட் வரை வந்து வழியனுப்பினாள். கையைப் பிடித்து அழுத்தினாள்.

வண்டியில் ஏறும்போது வீட்டுக்காரர், "என்ன ஆச்சு?" என்றார். "என்னையத் தப்புன்னு சொல்லிட்டா," என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் குரலைக் கேட்டு, நல்லதாகத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்து வண்டியை ஓட்டினார். அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வரை அழுதேன்.

அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஐந்தும் நான்கும். எனக்கு மறுபடியும் எட்டுதான் வருகிறது. இசக்கி ஒன்பது என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.